பொன்னம்பலத்தார் வீட்டுச் சிடி பிளேயர்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது பொன்னம்பலத்தாரின் வீடு. முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். அத்தனை வருடத்திலும் ஒரு கடிதத்தில்கூடப் பிழை விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டுச் சாமி அறைக்குள் போவார். விளக்கேற்றுவார், கற்பூரம் கொளுத்துவார், சாம்பிராணிப் புகையை மூலை முடுக்கெல்லாம் காட்டுவார். பிறகு சாமிப் படங்களுக்குக் கீழ்த்தட்டில் இருக்கும் சிடி பிளேயரைப் போடுவார். தேவாரம் ஒலிக்கும். மாலையிலும் அப்படியே. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டி அந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை.

மகன் கார்த்திகன் மிதுனாவைக் கலியாணம் செய்து அந்த வீட்டுக்குத்தான் கூட்டி வந்தான். மிதுனா ஹெந்தளைப் பிள்ளை. தகப்பன் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறவர். அவள் வந்த மூன்றாம் மாதம் தேவாரம் திக்கத் தொடங்கியது. ஒரு வரி பாடும், நிற்கும், மறுபடியும் அதே வரிக்குத் தாவும். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், தூசு படிந்த சிடிகளை மருமகள் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை அவர் கண்டிருந்தார். வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

"எல்லாத்தையும் தேய்ச்சுக் கீறி வைச்சிருக்கிறாய்" என்றார்.

"இல்லை மாமா, மெல்லிய துணியாலைதான் துடைச்சனான். பிளேயரைத்தான் ஒருக்கால் திறந்து பாக்க வேணும் போல கிடக்கு. இந்தப் புகை..."

"எனக்குப் படிப்பிக்காதை. இந்த வீட்டிலை கிடக்கிற ஒரு சாமானும் உன்ரை அப்பன் தந்ததில்லை. தந்திருந்தா அருமை தெரிஞ்சிருக்கும்."

அந்த மாத முடிவில் மகனும் மருமகளும் தெஹிவளையில் ஒரு சிறிய பிளாட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து மிதுனாவின் தகப்பன் மாரடைப்பில் காலமானார். பொன்னம்பலத்தார் செத்த வீட்டுக்குப் போய், கடைசி வரிசையில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தார்.

பாட்டு மட்டும் திக்கிக்கொண்டே இருந்தது. புதிதாகச் சிடிகள் வாங்கினார். அவையும் திக்கின.

"இப்ப வாறதெல்லாம் போலிச் சாமான்" என்றார்.

"ஓமோம்" என்றார் மனைவி சிவமணி, வெங்காயம் உரித்தபடியே. "மிதுனா தெஹிவளையிலை இருந்துகொண்டே கையை நீட்டிக் கீறுறாளாக்கும்."

பொன்னம்பலத்தார் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இந்த மார்கழியில், திருவெம்பாவை தொடங்கிய அன்று, பெட்டி முழுதாகக் கைவிட்டது. எந்தச் சிடியைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்று காட்டியது. போனில் போட்டுக் கேட்கச் சொன்னான் கார்த்திகன். அவர் கேட்கவில்லை. பெட்டியையும் மிதுனா துடைத்த பழைய சிடிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்துகிற அலவியிடம் போனார்.

அலவி முதலில் தன்னுடைய சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் 'நோ டிஸ்க்'.

"என்ட புது சிடியையும் எடுக்குதில்ல. அப்ப சிடியில பிழ இல்ல ஐயா, பெட்டியிலதான்."

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். காதுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, உள்ளே பருப்பளவில் இருந்த கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொரு குச்சியும் கறுப்பாகவே வந்தது. மூன்றாவதுதான் வெளுத்தது.

"இத சாமி ரூம்லயா வெச்சிருந்தீங்க?"

"ஓம். ஏன்?"

"அதான். கற்பூரக் கரி, சாம்பிராணி, கடக்கரைக் காத்தும் சேந்து லென்ஸ் மூடிப் போயிருக்கு. கண்ணில புர விழுந்த மாதிரி. பாவம், அது என்னத்தப் பாத்துப் படிக்கும்?"

பிறகு பையிலிருந்த பழைய சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்றும் திக்கவில்லை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத ஆரு தொடச்ச? எல்லாரும் வட்டமாத் தேச்சுத்தான் கெடுக்குற. ஒரு கீறலும் இல்ல. நடுவிலிருந்து வெளிய நேராத் தொடச்சிருக்காங்க. வெவரம் தெரிஞ்ச ஆள்."

பொன்னம்பலத்தார் சிடிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

புறக்கோட்டையில் பஸ் மாறி ஏறினார். வெள்ளவத்தை வந்தது. இறங்கவில்லை. பெட்டியை மடியில் அணைத்தபடி தெஹிவளை வரைக்கும் போனார்.

கதவைத் திறந்த மிதுனா திகைத்துப்போனாள். "இருங்கோ மாமா. அவர் வேலைக்குப் போயிட்டார்."

"உன்னட்டைத்தான் வந்தனான். பிழை பெட்டியிலை, மிதுனா. நான் போட்ட புகை. நீ துடைச்சதிலை ஒரு பிழையும் இல்லை."

"தெரியும் மாமா."

"உன்ரை அப்பாவை இழுத்துக் கதைச்சது என்ரை கேடு. நல்ல காலம், அந்த மனுசன் அதைக் கேளாமலே போயிட்டார்."



"அவர் கேட்டவர் மாமா. நீங்கள் என்னைப் பேசேக்கை என்ரை கையிலை போன் இருந்தது, அப்பா லைனிலை இருந்தவர். என்னட்டை அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கேல்லை. பிறகுதான் அம்மா சொன்னவ. சம்பந்திக்கு ஒரு புது பிளேயர் வாங்கிக் குடுக்க வேணுமெண்டு, வான் ஓட்டம் முடிஞ்சு கடை கடையா ஏறி இறங்கினவராம். இப்ப ஒருத்தரும் சிடி பிளேயர் விக்கிறதில்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினமாம். சாகிற கிழமையும் தேடினவராம்."

பொன்னம்பலத்தார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அந்த மனிதரின் செத்த வீட்டில் கடைசி வரிசையில் அரைமணி நேரம் இருந்தவர் அவர். அப்போதுகூட அவருடைய வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை.

"உன்ரை அம்மாட்டைப் போய்ச் சொல்லட்டோ?" என்றார் கடைசியில்.

"சொல்லுங்கோ. அம்மா கேப்பா" என்றாள் மிதுனா. அதைக் கேட்க வேண்டியவர் இப்போது இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பொழுதுபட வீடு திரும்பினார். வாசலில் நின்ற சிவமணி பையை வாங்கினார்.

"பெட்டி சரி வந்திட்டுதோ?"

"பெட்டி சரி." செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளைக்கு, மிதுனாவின்ரை தாயிட்டைப் போகவேணும். நீயும் வா, சிவமணி. தனியப் போக எனக்குப் பயமாக் கிடக்கு."