அக்கா வீட்டுக்கு ஒரு படம்

அக்காவின் தையல் வேலை நான் வரைந்த ஓர் ஏணியால் போயிற்று. என் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேசாமல் வேறு ஊருக்குப் போயிருப்பேன். அது எனக்குப் பழக்கம்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நெருளில் கேட்டரிங், செம்பூரில் போர்டு எழுதுவது, நடுவில் இரண்டு வருஷம் சூரத் என்று சுற்றிவிட்டு, மும்பை தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். பட்டறைக்காரர் பாய், தூத்துக்குடிப் பக்கம். அக்கா ஏற்கனவே அவரிடம் வேலை எடுத்துக்கொண்டிருந்தாள். பையின் கைப்பிடியைக் கையால்தான் தைக்க வேண்டும். அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரை விட்டு அவள் நகர முடியாது. அதனால் காலையில் கைப்பிடிக் கட்டு அவள் மாடி வீட்டுக்கு ஏறும், சாயங்காலம் இறங்கும். அதில்தான் அவர்கள் சாப்பிட்டார்கள்.

போன வருஷம் ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். பட்டறையில் இருப்பதையெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் வைத்துக் கோடு போட்டு இணைப்பது அவர்கள் மென்பொருள். அந்தக் கோடுகளைப் பார்த்து அன்றன்றைக்கு வேலைச் சீட்டைக் கம்ப்யூட்டரே போடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும். “போர்டு எழுதின கைதான, நீயே போடு” என்றார் பாய்.

முப்பத்திரண்டு புள்ளி அகலம், அதே உயரம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். முதலில் தோலை வரைந்தேன்.

“இது என்னது, பல்லியா?” என்றார் மேடம்.

“ஆட்டுத் தோலு, மேடம்.”

“நசுங்கின பல்லி மாதிரிதாம்ல இருக்கு” என்றார் பாய்.

காலைக் குறைத்தேன், வாலை எடுத்தேன். வெட்டும் மேஜை, பசை டப்பா, கைத்தையலுக்கு ஊசி, எல்லாம் ஒருவாறு வந்தன. அக்காவைப் போல வீட்டில் தைக்கிறவர்களுக்கு ஏணி போட்டேன். எங்கள் சந்தில் மாடி அறைக்கெல்லாம் வெளியே இரும்பு ஏணிதான். ஏணி என்றால் மேலே ஒரு குடும்பம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சும்மா கிடக்கிற மாடி தாராவியில் ஏது?

ஒரு நாள் மேடம் போன் செய்தார். நான் ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த ஏணி... மெட்டீரியல் மேல போகும், அப்புறம் கீழ வரும், அவ்ளோதானே?”

“ஆமா மேடம்.”

“எவ்ளோ நேரம் மேல இருக்கும்?”

“சாயங்காலம் வரைக்கும்.”

“டீக் ஹை, சரி” என்று வைத்துவிட்டார்.

அவர்கள் திரையில் இடங்கள் இரண்டே வகை. வேலை நடக்கும் இடம், சரக்கு கிடக்கும் இடம். ஏணியை அவர் இரண்டாவதில் போட்டுவிட்டார். பாய் தேவ்நாரில் புதிதாக எடுத்திருந்த தையல் ஹாலில் மட்டும் ஊசிப் படம் நின்றது. ஆக, கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இதுதான்: தையல் தேவ்நாரில் நடக்கிறது, ஏணியில் சரக்கு பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது. அது சிவப்புக் காட்டியது. அடுத்த வாரம் சீட்டில் கட்டெல்லாம் நேராகத் தேவ்நாருக்குப் போயின.

பாயிடம் போய் நின்றேன்.

“ஒங்களுக்குத் தெரியும்லா பாய், அக்காதான் தைக்கான்னு?”

“எனக்குத் தெரியும்டே. பைக்கு ஆர்டர் குடுக்கவனும் அதே ஸ்க்ரீனத்தான பாக்கான்? செவப்பப் பாத்துட்டு எனக்கே போன் போடுதான். ஒங்க அக்காவ தேவ்நாருக்கு வரச் சொல்லு, நாளைக்கே சேத்துக்கிடுதேன்.”

“அத்தானை யார் பாக்க?”

பாய் டீ வரவழைத்தார்.

புதுப் படம் ஒன்று வரைந்துகொண்டு ஐரோலிக்குப் போனேன். கூரை, கூரைக்குள் ஊசி. மேடம் நல்ல மாதிரி, அப்போதே ஏற்றினார். ஒரே அழுத்தில் ஏணிகள் அத்தனையும் மாறின. சிவப்பு மட்டும் மாறவில்லை.

“படம் மாத்தினா மேல பெயின்ட் அடிச்ச மாதிரிதான். உள்ள அது இன்னும் கோடவுன். டிலீட் பண்ணிட்டுத்தான் புதுசா போடணும்.”

“போடுங்க மேடம்.”

போட்டார். இந்த முறை வேலை நடக்கும் இடம் என்றே போட்டார். ஆனால் கோடுகளெல்லாம் ஏற்கனவே தேவ்நாருக்குப் போய்விட்டிருந்தன. அவற்றை மாற்ற ஆர்டர் கொடுப்பவரின் ஒப்புதல் வேண்டுமாம். மெயில் போடுவதாகச் சொன்னார். போட்டிருப்பார்.

திரும்பி வந்தபோது அக்கா தரையில் பூண்டு கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ மசாலாக் கம்பெனிக்காம், கிலோவுக்கு இவ்வளவு என்று. அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“என்னல, படம் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“எங்க போட்டா அந்தப் பிள்ள?”

“ஓரமா. ஒரு கோடும் வரலை.”

அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். கைப்பிடித் தையலில் காய்த்துப்போன விரலுக்குப் பூண்டுத் தோல் எளிதாகவே வந்தது.

“சும்மாதான இருக்க, இதப் பிடி” என்று ஒரு குவியலை என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்து உரித்தேன்.