கம்ப்யூட்டருக்குப் பூ கேட்டது

போன ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் ஒரு கடையில் என் மகள் ஒரு லேப்டாப்பைத் திறந்து தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல விண்டோஸோட லினக்ஸும் சேத்துப் போட்டுக்கலாமா? டிஸ்க் பத்துமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். படிப்புக்காக அவள் வெகுதூரம் போகப்போகிறாள். அந்தக் கவலையில் நான் சரியாகச் சாப்பிட்டே பல நாளாகிறது. ஆனால் அன்று கையைப் பிடித்தது அதற்காக இல்லை. இதே ஊரில், வேறொரு கடையில், என் அக்கா இதே கேள்வியைக் கேட்டபோது நான் அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மானிட்டர்கள் எல்லாம் முதுகில் பூசணிக்காய் கட்டியதுபோல இருந்த காலம்.

அரூருக்குப் பக்கத்தில் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரியாதவர்கள். ஒரே அடுப்பு. பேசுவது பெரியப்பா, தலையாட்டுவது அப்பா. அப்பா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி எங்களில் யாரும் கேட்டதில்லை.

அக்கா சேலத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கடைசி வருஷ வேலை முழுக்க, விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு சிஸ்டமான லினக்ஸில் செய்ய வேண்டும். கல்லூரியில் உட்கார்ந்து செய்யலாம் என்றால் சாயங்காலம் பஸ் போய்விடும். விடுதியில் தங்கப் பெரியப்பா விடமாட்டார். பொம்மிடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வேறு பதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வந்தால் படிப்பு முடியும், இல்லாவிட்டால் கல்யாணம். இது எனக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அக்கா அந்த மாதம் என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கப் பெரியப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், விண்டோஸ் தவிர எதையும் தொடமாட்டேன் என்றான். அக்காவுக்கு லினக்ஸ் இல்லாமல் ஆகாது. ஆக, ஒரே பெட்டியில் இரண்டும் ஓட வேண்டும்.

தருமபுரிக் கடைக்குப் பெரியப்பா, அப்பா, அக்கா, நான் என்று நாலு பேரும் போனோம். கடைக்காரர் பொறுமையான மனிதர். "ரெண்டும் போடலாம்ங்க. டிஸ்க் பெருசா எடுக்கணும், ரேமும் கொஞ்சம் கூட வேணும். லினக்ஸுக்கு எல்லாக் கார்டும் ஒத்துவராது, பாத்துதான் போடணும். போட்டுட்டா தொல்லையில்ல. டிஸ்க்கைப் பாகம் பிரிச்சி, ஒண்ணுல இது, இன்னொண்ணுல அது."

பெரியப்பாவின் முகம் மாறியது. "என்னாய்யா இது? புதுப் பொருளு, இன்னும் வூட்டு வாசப்படியே மிதிக்கல. அதுக்குள்ள பாகம் பிரிக்கணுமா?"

அக்கா ஆர்வத்தில் சொல்லிவிட்டாள். "பிரிச்சி வெச்சாத்தான் பெரியப்பா, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம இருக்கும்."

பாகம் பிரியாத குடும்பத்தில் மூத்தவரைப் பார்த்து இதைச் சொன்னால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அப்பா தரையைப் பார்த்தார். கடைக்காரர் சுத்தமாக இருந்த கண்ணாடி மேஜையை மறுபடி துடைத்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார்.

பஸ்ஸில் தீர்ப்பு வந்தது. ஒரு பெட்டி, அதில் ஒன்றே ஒன்று, அண்ணன் கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மொரப்பூர் தாண்டியதும் அப்பா வாயைத் திறந்தார்.

"அண்ணா, அம்மங்கிட்ட பூ கேட்டுடலாமா?"

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் பூ கேட்காமல் யாரும் இறங்கமாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மறுபேச்சு கிடையாது.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேளு. ஆத்தாளே சொல்லிட்டா குறுக்க நிக்க நான் யாரு?"

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பூவை அப்பாவே பறித்து வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழை இலையில் மடித்து நாரால் கட்டினார். எழுந்ததும் தரையில் விழுந்து நெடுநேரம் கும்பிட்டார். பக்தி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரிக்குத்தான் சிக்கல். "ஆத்தாகிட்ட என்னான்னு கேக்கறதுங்க?"

"ஒரு பொட்டியில ரெண்டு இருக்கலாமா, கூடாதா?" என்றார் பெரியப்பா.

"ரெண்டு என்னாங்க?"

பெரியப்பா அக்காவைப் பார்த்தார். "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று அவள் முணுமுணுத்தாள். பூசாரி திரும்பி நின்று, கற்பூரத் தட்டை உயர்த்தி, மழை கேட்கும் குரலில், "தாயே! ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு சிஸ்டம் குடியிருக்கலாமான்னு புள்ளைங்க கேக்குது, நல்ல வாக்கு குடு!" என்றார்.

என்னை முன்னால் தள்ளினார்கள். இரண்டு பொட்டலமும் ஒரே அளவு. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் இடப்பக்கத்தை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அக்கா அழுதாள். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளுக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல" என்று அவர் சொன்னது பெருந்தன்மைதான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதை அப்பா கையில் மூடி எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அவர் போட்டதும் சுவரில் எக்கி எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் விழுந்த வேகத்தில் நார் நழுவி, இலை மெல்ல விரிந்தது. உள்ளிருந்து பூ மிதந்து வந்தது. வெள்ளைப் பூ.

அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கிணற்றை அல்ல.

"அப்பா, அதுவும் வெள்ளை! ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒண்ணொண்ணு குடுத்துட்டாங்களா ஆத்தா?"

அவர் குனிந்து என் தலையைக் கோதினார். "ஆமா கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா பலிக்காது."

நான் சொல்லவில்லை. அம்மன் சிவப்பை வெள்ளையாக மாற்றியதை இந்த உலகத்திலேயே பார்த்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான் என்ற பெருமை, அந்த வயதுக்குத் தாங்க முடியாத பெருமை.

பெட்டி வந்தது. முதல் நாள் வீடே கூடி நின்றது. கறுப்புத் திரையில் இரண்டு வரி தோன்றியது. அக்கா அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குத் தாவியது. மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அண்ணனின் நீல வானம், பாட்டு. அணைத்துப் போட்டுக் கீழே இருப்பதை எடுத்தால் அது வேறு ஆள், வேறு முகம். வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி ஓடின. திருவிழாவில் பெரியம்மாவுக்குச் சாமி வரும்போது இப்படித்தான். அதே உடம்பு, அதே சேலை, ஆனால் பெரியப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிடும் வேறு குரல். நான் அந்தப் பெட்டியைக் கும்பிட்டேன், யாரும் சிரிக்கவில்லை.

"யாரும் எதையும் அமுத்தலன்னா?" என்று பெரியப்பா கேட்டார்.

"கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவா ஒண்ண எடுத்துக்கும் பெரியப்பா."

"கெட்டிக்காரப் பொட்டிதான்" என்றார். அப்பா கதவோரமாக நின்று அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா படித்து முடித்தாள். பொம்மிடிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருஷத் திருவிழாவில் அப்பா மஞ்சள் துணி கட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார். அதுவரை அவர் தீ மிதித்ததே இல்லை.

"என்னடா வேண்டுதலு?" என்றார் பெரியப்பா.

"பொட்டி நல்லா ஓடுச்சில்லண்ணா. அதுக்குத்தான்."

ஊரே சிரித்தது. கம்ப்யூட்டருக்காகத் தீ மிதிக்கிற முதல் ஆள் என்று கேலி செய்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

மற்றவர்கள் எல்லாரும் கனலில் ஓடினார்கள். அப்பா மட்டும் மெதுவாக நடந்தார். ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து, கொடுக்க வேண்டியதைக் குறையாமல் கொடுப்பவரைப் போல, அம்மனை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். கேலி செய்தவர்களே கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று மாலை அம்மா அவர் பாதங்களில் சோற்றுக்கற்றாழையை வழித்துத் தடவிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கொப்புளங்களைப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று.