பனிக்குப் பூத்த மொச்சை

போன வாரம் தியாகதுருகத்தில் பஸ் ஏறிய ஒரு அம்மாள், மொச்சைக்காய்ப் பையை என் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டார். பனியில் நனைந்த காய். அந்தப் பிசுபிசுத்த பச்சை வாசனை இருக்கிறதே, உரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது மூக்குக்கு வந்துவிடும். கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை எனக்கு அஞ்சலை அக்கா நினைப்புதான்.

அக்காவுக்கு ஊர் களமருதூர். ஆனால் நான் அவரைப் பார்த்தது சென்னையில், வேலைக்குப் போன புதிதில். நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. மனைக்காரரிடம் கேட்டு, குப்பையை வாரிவிட்டு, எல்லோருமாகக் காய்கறி போட ஆரம்பித்தோம். ஆளுக்கொரு பாத்தி. ஊரில் அப்பா வயலுக்குக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றுவலி வரும். அங்கே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு நிற்பேன். என் தக்காளியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள். தகரக் கொட்டகையில் குடியிருந்தார். நம்மூர்ப் பேச்சு காதில் விழுந்ததும் போய் ஒட்டிக்கொண்டேன். அவருக்கும் ஒரு பாத்தி கிடைத்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். தனக்கென்று கொஞ்சம் மண் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் பட்டணத்தில்.

நாங்களெல்லாம் கீரை, வெண்டை என்று சீக்கிரம் வருவதைப் போட்டோம். அக்கா ஆடியில் மொச்சை ஊன்றினார். பனி விழுந்தால்தான் அது பூக்கும். காய் பறிக்கத் தை வரவேண்டும்.

“இன்னாத்துக்குக்கா மொச்சை? கீரைன்னா ஒரு மாசத்துல பறிச்சிடலாமே” என்றேன்.

“கீரை, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கறவங்க போடறது தம்பி. காலம்பூரா அடுத்தவங்க காயைப் பறிச்சிக்கினு இருந்தாச்சு. இது நம்ம எடம். நின்னு காய்க்கட்டும்.”

பொங்கலுக்குத் தன் கொடிக் காயில்தான் குழம்பு என்று கொட்டகை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

கார்த்திகைக் கடைசியில் பந்தல் கொள்ளாமல் பூத்தது. அதே வாரம் மனை விலைபோய்விட்டது. நாங்கள் இருந்ததைப் பறித்துக்கொண்டோம். அக்காவுக்குப் பறிக்க என்ன இருந்தது, வெறும் பூதான். ஜேசிபி வருகிற அன்று காலையிலும் குடத்தைத் தூக்கிவந்து வேரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வண்டி வருதுக்கா.”

“எனுக்குத் தெரியும் தம்பி. அதுக்குத் தெரியாதே.”

அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

பிறகு ஒரு கல்யாணத்துக்குக் களமருதூர் போனபோது அக்காவைத் தேடிப் பிடித்தேன். ஊருக்கே திரும்பிவிட்டிருந்தார். புறம்போக்கில் வீடு. காபி கொடுத்தார், குடும்பம் விசாரித்தார். வாசல் பக்கம் நல்ல வெயில்படுகிற இடம் சும்மா கிடந்தது. வேலியோரமா மொச்சை ஊன்றலாமே அக்கா என்று, வாய் சும்மா இராமல், கேட்டுவிட்டேன்.

அக்கா காபித் தம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“இல்லப்பா. இப்பல்லாம் கீரைதான் போடறேன்.”