தங்கம்மாள் மாத்திரை வேண்டாமென்ற நாட்கள்

சாகப்போகிறவர்களின் வீட்டுக்குப் போவதுதான் என் வேலை. ஆஸ்பத்திரியில் "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று கைகழுவிய பிறகு, வலிதணிப்பு மையத்தில் நர்ஸாக இருக்கும் என் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் உண்டு. வலியை நிறுத்தலாம், புண்ணைக் கழுவலாம், வாய் உலராமல் பார்த்துக்கொள்ளலாம், கூட இருக்கிறவர்களைக் கொஞ்சம் தூங்க வைக்கலாம். இதெல்லாம் ஒன்றுமில்லையா?

இரண்டாயிரத்து ஆறில், ஆட்சி மாறிய வருஷம், ஐப்பசி மழையில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனேன். தங்கம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. அறுபது வயது இருக்கும். சுவரில் சாய்ந்து, முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் வலி கூடுகிறதாம். மகள் வேம்பு சொன்னாள்.

போனவுடன் நான் மருந்துப் பையைத் திறப்பதில்லை. நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் தெரிந்துகொள்வேன். பல வீடுகளில் அல்சர் என்று சொல்லி வைத்திருப்பார்கள். இவரிடம் அதெல்லாம் நடக்கவில்லை.

"எத்தன நாளுங்க?" என்று நேராகக் கேட்டார்.

"மாசக் கணக்கு இல்லக்கா. வாரக் கணக்குதான்."

"ஆறு நாளு இருப்பனா?"

"இருப்பீங்க."

"அது போதும்."

ஆறு நாள் போதும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வேம்புதான் விவரம் சொன்னாள்.

அவர்கள் உழுவது ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். தங்கம்மாளின் கணவர் காத்தான் கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். சங்கத்தோடு நின்று அந்தக் குத்தகையைத் தன் பெயரில் பதிய வைத்தவர். அவர் இறந்ததும் பதிவு தங்கம்மாள் பெயருக்கு வந்தது. நிலத்துக்காரர் திருச்சியில் இருந்தார். ஊரில் அவருக்கு எல்லாமே காரியக்காரர் பஞ்சநதம்தான். தங்கம்மாள் வயலில் இறங்குவதே இல்லை, கூலிக்கு ஆள் விட்டுச் சாகுபடி செய்கிறார், ஆகவே வெளியேற்ற வேண்டும் என்று குத்தகை வழக்குகளுக்கான வருவாய்க் கோர்ட்டில் மனு போட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன அந்தக் கூலியாள் வேம்புதான். புருஷன் கைவிட்டதால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பி வந்து, இரண்டு வருஷமாக அம்மாவோடு நாற்றுப் பறித்து நட்டுக்கொண்டிருந்தவள். "இவள் என் மகள், என்னோடு உழைக்கிறவள்" என்று தங்கம்மாள் வாயால் கோர்ட்டில் பதிவாகிவிட்டால் அவருக்குப் பின்னாலும் வேம்பு அந்த வயலில் இருக்கலாம். இல்லாவிட்டால் அவளுக்கு நாதியில்லை.

ஆறாம் நாள்தான் வாய்தா.

மார்ஃபின் மாத்திரை கொடுத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே என்று வேம்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் போனபோது தங்கம்மாள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. சாயங்காலம் எழுந்தவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒரு பகல் போனதே தெரியல. இந்த மாத்திர வேணாங்க."

"மூணு நாலு நாள்ல மயக்கம் தெளிஞ்சிரும்க்கா. அப்புறம் வலியும் இருக்காது, புத்தியும் தெளிவா இருக்கும்."

"தெளியலன்னா?"

தெளியும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. இருந்ததே நாலு நாள். அதோடு, என் வண்டியை ஊரே பார்த்திருந்தது. போதை மாத்திரை தின்கிறவள் சாட்சி எப்படிச் செல்லும் என்று பஞ்சநதம் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதும் தங்கம்மாள் காதுக்கு வந்திருந்தது. குறைந்த அளவில் தொடங்கியிருக்கலாமோ என்று இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கால் மாத்திரைகூட அவர் வாயில் வைக்கவில்லை.

அந்த நாலு நாளும் முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டே கிடந்தார். மூன்றாம் நாள் வேம்பு என்னை வாசலில் நிறுத்தினாள்.

"பாக்க முடியலைங்க. காப்பியில கலந்து குடுத்துரட்டுமா?"

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடாது என்றேன். அவர் உடம்பு, அவர் முடிவு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து முனகல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பாடத்தை நினைத்துப் பார்ப்பது லேசான காரியமில்லை.

வாய்தா அன்று எங்கள் வண்டியிலேயே கூட்டிப் போனேன். வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேம்புவின் கையை நசுக்கினார். கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார முடியாமல் தூணைப் பிடித்து நின்றார். பஞ்சநதம் வந்து, "ஒடம்பு எப்புடி இருக்கு தங்கம்மா?" என்று மரியாதையாகவே விசாரித்தார். "நல்லாருக்கேங்க" என்றார் இவர். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு கிளார்க் வெளியே வந்தார். கேஸை விசாரிக்க வேண்டிய அதிகாரி பட்டா வழங்கும் விழாவுக்குப் போயிருக்கிறாராம். எல்லாக் கேஸும் அடுத்த மாதம் பதினெட்டுக்கு.

நான் கத்தினேன். இந்த அம்மாவைப் பாருங்கள், இவருக்கு ஏது பதினெட்டாம் தேதி என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "நான் என்னம்மா பண்றது?" என்றார் கிளார்க். அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லைதான்.

வண்டியில் ஏற்றியதும் தங்கம்மாள் கேட்டார்: "பதினெட்டு வரைக்கும் இருப்பனா, நர்ஸம்மா?"

நான் பொய் சொல்வதில்லை. அவர் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

கையை நீட்டினார். "அப்ப குடுங்க. இனிமே முழிச்சிருந்து என்ன பண்ணப்போறேன்."

அதன்பின் பதினோரு நாள் வலி இல்லாமல் இருந்தார். மூன்றாம் நாளே மயக்கம் தெளிந்தது. நான் சொன்னபடியே புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவைக் கேட்டுக்கொள்ளத்தான் ஒரு கோர்ட்டும் இல்லை. பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார். எங்கள் ஆபீஸில் இதை நல்ல முடிவு என்பார்கள்.

பதினெட்டாம் தேதி இறப்புச் சான்றிதழோடு வேம்பு தனியாகப் போனாள். நான்தான் மகள், நான்தான் கூட நின்று உழுதேன் என்று சொன்னாளாம். எதிர்த்தரப்பு வக்கீல் கோபப்படவே இல்லையாம்.

"இருக்கலாம்மா. ஆனா அத உங்கம்மால்ல வந்து சொல்லியிருக்கணும்?"