முருகேசனின் லென்ஸ், என் கேமரா

போன வாரம் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நான் பட்டனை அழுத்துகிறேன்... ம்ஹூம்! 'லென்ஸ் பொருத்தப்படவில்லை' என்கிறது கேமரா.

பொருத்தப்படவில்லையா? இவ்வளவு பெரிய லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே!

அந்த லென்ஸின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என்னுடையதல்ல, முருகேசனுடையது. அவனுக்கும் எனக்கும் ஒரே ஆபீஸ், ஒரே பைத்தியம் — போட்டோ. ஃபிலிம் ரோல் காலம். லீவு கிடைத்தால் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்விடுவோம். ஆனால் அவன் கேமரா ஒரு கம்பெனி, என்னுடையது வேறு. அவன் லென்ஸ் என்னுடையதில் மாட்டாது, என்னுடையது அவனுடையதில் மாட்டாது. தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 135 எம்.எம். லென்ஸ் ஒன்று வைத்திருந்தான். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே எனக்கு வேலை.

"எங்க கம்பெனிக்கு மாறிடுடா, குடுக்கறேன்" என்பான்.

"செத்தாலும் மாற மாட்டன் போடா!"

பஸ் தர்மபுரி வந்து சேரும்வரை இதே சண்டைதான். கண்டக்டர்கூட ஒருநாள், "ரெண்டு பேரும் எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்.

கல்யாண வீடுகளில் முருகேசன் மேடைப் பக்கமே போக மாட்டான். பந்தியில் இலை போடுகிறவர், நாதஸ்வரத்தைத் துடைத்து வைக்கிறவர், கடைசி வரிசையில் தூங்கிவிட்ட குழந்தை... இவர்களைத்தான் எடுப்பான். ஏன் என்று கேட்டால், "மேடையில இருக்கறவங்கள எடுக்கத்தான் ஆளு வந்திருக்கே. இவங்கள யாருடா எடுப்பா?" என்பான்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் இறந்துபோனான். சண்டை போட ஆளில்லாமல் நானும் கேமராவைப் பரண்மேல் போட்டுவிட்டேன். ரிட்டையர் ஆனதும்தான் என் மகன் என் பழைய கம்பெனியிலேயே ஒரு மிரர்லெஸ் கேமரா, புது மாதிரி டிஜிட்டல், வாங்கித் தந்தான்.

முருகேசனின் மனைவி கோவிந்தம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். கூடவே ஒரு மஞ்சள் பை. உள்ளே அந்த லென்ஸ்.

"இத வெச்சி ஒண்ணே ஒண்ணு எடுத்துடுங்கண்ணா. பாப்பா கழுத்துல தாலி ஏறுறப்ப. அவரே வந்து பாத்த மாதிரி இருக்குமுங்க."

தலையை ஆட்டிப் பையை வாங்கிக்கொண்டேன்.

ஒரு கம்பெனி லென்ஸை வேறு கம்பெனி கேமராவில் மாட்டுகிற அடாப்டரை ஆன்லைனில் வாங்கினேன். பார்த்தால் வெறும் உலோக வளையம்! உள்ளே கண்ணாடி இல்லை, ஒயர் இல்லை. லென்ஸையும் கேமராவையும் சரியான தூரத்தில் நிற்க வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. இந்த ஒரு வளையத்துக்காகவா இத்தனை வருடம் அடித்துக்கொண்டோம்? மாட்டியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. "பாருடா, கம்பெனி மாறாமலேயே மாட்டிட்டேன்!" என்று சொல்லிக் காட்ட முருகேசன் இல்லை. அழுகை வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். ஒயர் இல்லாததால் லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. 'லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடு' என்று மெனுவில் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லித்தான் வைத்திருந்தேன். முந்தின நாள் எதையோ நோண்டப்போய் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டேன் என்பது மண்டபத்தில்தான் உறைத்தது.

மெனுவுக்குள் எங்கெங்கோ போய், தடுமாறி, சரிசெய்து நிமிர்கிறேன்... மேடை தெரியவில்லை. எனக்கு முன்னால் முதுகுகளும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான். முடிந்தது கதை! கோவிந்தம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவர் எங்கே என்று திரும்பினேன்.

மண்டபத்தின் கடைசித் தூணோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். புருஷன் இல்லாதவர் மேடை ஏறக் கூடாதாம்! மகள் தீபா எவ்வளவோ கெஞ்சியும் சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. மேடையில் சித்தப்பாவும் சித்தியும் நின்றார்கள். பெற்று வளர்த்தவருக்குத் தூணோரம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கேமராவைத் தூக்கினேன். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. லென்ஸில் முருகேசன் திருப்பிய அதே ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினேன். கலங்கலாக இருந்த முகம் தெளிந்து பக்கத்தில் வந்தது. கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. எக்கி நின்று, மேடை வரை போய்ச் சேராது என்று தெரிந்தும், கையிலிருந்த அட்சதையை மகளை நோக்கி வீசினார். அழுத்தினேன். இந்த முறை கேமரா எதுவும் சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் தயங்கித் தயங்கிப் படத்தைக் காட்டினேன்.

"தாலி கட்டறத எடுக்கச் சொன்னா, என்னையப் போயி எடுத்து வெச்சிருக்கறீங்களே!" கோவிந்தம்மாளுக்கு வெட்கம்.

தீபா கேமராவை வாங்கிப் பார்த்தாள். "இது அப்பா எடுத்த போட்டோ மாமா" என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

தாலி கட்டியதை எடுக்கத்தான் ஆளு வந்திருந்ததே!