ஒரு மணி நேரம் கழட்டி விடுங்கோ சிஸ்டர்

டெல்லில ஜூலைப் புழுக்கம் ஆரம்பிச்சா போதும், எனக்கு ஸ்பிரிட் வாசனைதான் மூக்குல ஏறும்... கூடவே டிரிப் பம்ப்போட டிக் டிக் சத்தம்.

தூத்துக்குடில நர்சிங் முடிச்சு, இங்க ஒரு கேன்சர் வார்டுல சேர்ந்த புதுசு. 'பையா', 'அச்சா'ன்னு ரெண்டே இந்தி வார்த்தைல காலத்த ஓட்டிட்டிருந்தேன். தமிழ்ல பேச கிடைச்ச ஒரே பேஷன்ட் ராமநாதன் சார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், சென்ட்ரல் கவர்மென்ட் கிளார்க். ரத்தப் புற்றுநோய்.

அவருக்கு ஓடின மருந்து, கடல் பஞ்சுங்கிற உயிரினத்துல இருந்த ஒரு பொருளைப் பாத்து உருவாக்கினதுன்னு டாக்டர் ரவுண்ட்ஸ்ல சொல்லிட்டுப் போயிட்டார். பக்கத்துல நின்ன அவர் மனைவி, மாமிக்கு முகம் மாறிடுச்சு.

"கடல்லேர்ந்துன்னா... அசைவமோ சிஸ்டர்?"

மீன் இல்லாம சோறு எறங்காத ஊர்க்காரி நான். சிரிப்பை அடக்கிக்கிட்டு, "இப்ப ஃபேக்டரிலதான் செய்றாங்க மாமி"ன்னேன். அப்பவும் பாட்டில்ல கொஞ்சம் விபூதி பூசிட்டுத்தான் விட்டாங்க.

சாருக்கு வேற கவலை. "இதையே மாத்திரையா குடுத்தா ஆத்துக்குப் போயிடுவேனே?"

வாய் வழியா குடுத்தா குடலும் லிவருமே அதைச் செயலிழக்க வச்சிடும், ரத்தத்துக்கு எதுவும் மிஞ்சாது... நரம்புல ஏத்தினாலும் சீக்கிரம் உடைஞ்சிடும், அதான் ராப்பகலா ஓடணும்னு சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் அடுத்த டேபிளுக்குப் போக ஆறு மாசம். என் லிவரைப் பாருங்கோ, என்ன ஜல்தி!"

வார்டே திரும்பிப் பாக்கிற மாதிரி சிரிச்சார்.

அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்துச்சு. அவங்க ஏரியா முருகன் கோயில் மலை மந்திர், அன்னைக்கு அங்க ஏறாம அவர் விட்ட வருஷமே கிடையாதாம். காலைல குளிக்க முடியாம, ஈரத் துணியால மூஞ்சியைத் துடைச்சிட்டு உக்காந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் கழட்டி விடுங்கோ சிஸ்டர். மலை ஏறல... எங்காத்து பால்கனில நின்னா கோபுரம் தெரியும். பாத்துட்டு வந்துடறேன்."

முடியாதுன்னேன். நிறுத்தினா கொஞ்ச நேரத்துல ரத்தத்துல மருந்தே இருக்காதே... அவர் வாதாடல. "சரிம்மா"ன்னு மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தாக்கூட தேவலை.

மாமி கோயில்லேர்ந்து போன் பண்ணாங்க. அப்போ ஏது வீடியோ கால்... சார் கைல ஊசி, அதனால நான்தான் போனை அவர் காதுல பிடிச்சிட்டு நின்னேன். கூட்டத்தோட "அரோகரா" எனக்கே கேட்டுச்சு. சார் கண்ணை மூடிக்கிட்டு உதட்டை மட்டும் அசைச்சார். சர்ச்சுக்குப் போற எனக்கும் அழுகை வந்துடுச்சு.

ஆவணி பொறக்கறதுக்குள்ள போயிட்டார். நோய் அவர் லிவரைவிட ஜல்தியா இருந்துச்சு.

இப்ப நான் டெல்லிலயே மயூர் விஹார்ல இருக்கேன், அதே வேலைதான். அதே மருந்தை இப்ப கொழுப்பு உறைக்குள்ள வச்சு ஏத்துறாங்க. அவ்வளவு சுலபமா உடையாது, உடம்புல ரொம்ப நேரம் தங்குது. விலைதான் எல்லாருக்கும் கட்டுப்படியாகல... கிடைக்கிறவங்கள்ல சிலர், ஏத்தி முடிச்ச அன்னைக்கே கிளம்பிடுறாங்க.

போன வாரம் ஒரு பஞ்சாபி அம்மாவுக்கு டிரிப் முடிஞ்சு ஊசியைக் கழட்டினேன். துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு, வீட்டுக்குப் போகலாமான்னு இந்தில கேட்டாங்க.

இத்தனை வருஷமா இந்திலயே பதில் சொல்லிப் பழகின வாய்... "போயிட்டு வாங்க சார்"னு தமிழ்ல சொல்லிடுச்சு.

அந்த அம்மா ஒண்ணும் புரியாம என்னையே பாத்தாங்க.