முன்னறையில் ஒரு பின்பால் மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா கொழுந்தெடுக்கப் போவார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

போனஸ் கிடைத்ததும் டிவி வாங்கத்தான் அப்பாவும் நானும் ஈப்போவுக்குப் போனோம். சிக்னல் சரியாகக் கிடைக்காத எங்கள் பள்ளத்தில் டிவியில் படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம் தெரியும் என்று தெரிந்தும் போனோம். கடையின் பின்பக்கம், காசு போட்டு உருண்டையைத் தட்டி விளையாடும் பின்பால் மெஷின் ஒன்று நின்றது. புத்தம் புதுசு. கண்ணாடிமேல் ஒட்டியிருந்த தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டு ஓர் இரும்பு உருண்டையை ஓட விட்டார். அது முட்டிய இடமெல்லாம் விளக்கெரிந்து மணி அடித்தது. அப்பா அதற்குப் பிறகு டிவிகள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"இத வீட்டுல வைக்க முடியுமா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

டிவிக்கு வைத்திருந்த காசில் அதை வாங்கி, சரக்கை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிய காய்கறி லோரி ஒன்றில் ஏற்றினோம். மலையடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் நான் பின்னால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கால்கள் தனியாக இருந்ததால் பெட்டியைச் சாய்த்து வாசலுக்குள் நுழைக்க முடிந்தது. கால்களைப் பூட்டி நிறுத்தினால், தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் உருண்டை இடது பக்கமே ஓடியது. திருகுகளை ஏற்றி இறக்கிச் சரிசெய்தேன். காசு போடும் கதவைத் திறந்து உள்ளே இருந்த கம்பியைத் தட்டினால், காசில்லாமலே ஆட்டம் தொடங்கும்.

வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டிவி எங்கப்பா?"

"இதாம்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தார். "ஒங்களுக்குமா புத்தி போச்சு?"

"கரண்டு வரட்டும், பாரு லா."

தோட்டத்தில் இருட்டிய பிறகுதான் மின்சாரம் வரும். அது வந்ததும் முன்னறைச் சுவரெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. உலை வைத்திருந்த அம்மா அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தொட்டார். இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை அழுத்தினால் உள்ளே இரண்டு சின்ன மட்டைகள் உருண்டையைத் தட்டும் என்று காட்டினேன்.

முதல் உருண்டை நேராகக் குழிக்குள் போனது. இரண்டாவதை அம்மா விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அதை மேலே தட்டினார், திரும்ப வந்ததை மறுபடி தட்டினார். மணி நிற்காமல் அடித்தது. அம்மா விளையாடி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு விளையாடத் தெரியும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

உருண்டை நழுவப் போனபோது இடுப்பால் ஓர் இடி இடித்தார். உடனே பொத்தான்கள் வேலை செய்யாமல் போயின.

"ஒடச்சிட்டேனா?"

"இல்லம்மா, ரொம்ப ஆட்டுனா அது கோவிச்சுக்கும்."

அம்மா சிரித்தார். வாசலில் லயத்து ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். அவர் அவர்களைத் திரும்பியும் பார்க்காமல், "அடுத்தத விடு" என்றார்.

அடுப்பில் சோறு பொங்கும் வாசனை வந்தது. அப்பா எழுந்து போய் வடித்தார். அதையும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மூவரும் மெஷின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டோம்.